வெங்காய ஆட்டோவின் குரல்

என் கடையில் கம்ப்யூட்டரை யாரும் முறையாக நிறுத்துவதில்லை. யாரும் என்றால் நான்தான், வேறு ஆள் கிடையாது. வேலை முடிந்ததும் சுவரிலிருக்கும் போர்டில் மெயின் சுவிட்சைக் கீழே தட்டிவிடுவேன். மின்விசிறி, ஆம்ப்ளிஃபயர், கம்ப்யூட்டர் எல்லாம் ஒன்றாக அடங்கும். மைக்செட் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு வந்த பழக்கம் இது. எனக்குக் கல்யாணமான புதிதில் இடி விழுந்து ஒரு ஆம்ப்ளிஃபயர் கருகிப்போனது. அன்றிலிருந்து, கிளம்பும்போது போர்டையே அணைத்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கணவர் கல்யாணம், காதுகுத்து, சாவு என்று ஸ்பீக்கர் கட்டப் போய்விடுவார். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இந்தப் பத்தடிக் கடையில் உட்கார்ந்து விளம்பரம் ரெக்கார்டிங் செய்வது என் பாடு.

ஆட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வரும் குரல்களைக் கேட்டிருப்பீர்கள். பழைய இரும்பு, உப்பு, கோலமாவு, பொதட்டூர்பேட்டை லுங்கித் தள்ளுபடி, திருவாலங்காட்டில் இலவசக் கண் முகாம். எங்கள் பக்கத்துத் தெருக்களில் கேட்கும் குரலில் பாதி என் கடையில் பிறந்தது. மைக்கின் முன்னால் வந்து நிற்பார்கள், பேசுவார்கள், நான் இடையிலிருக்கும் திக்கலையும் மூச்சையும் வெட்டிவிட்டுப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பேன். விலை மாறினால் மறுபடி வருவார்கள். பழைய விலை சொல்லும் குரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அன்றைக்கே அழித்துவிடுவேன். இத்தனை வருஷத்தில் ஒரு குரலைக்கூட நான் எடுத்து வைத்ததில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எல்லோரையும்விட அடிக்கடி வந்தவர் வெங்காய ஆட்டோக்காரர். வெங்காயத்தின் விலை ஒரு இடத்தில் நிற்காதே, அதனால். நாற்பத்தைந்து வயதிருக்கும். கட்டையான ஆள், அந்த உடம்பிலிருந்து இப்படி ஒரு குரல் வரும் என்று நம்பவே முடியாது. 'வாங்கம்மா வாங்க, வெங்காயம் வந்துருக்கு, பூண்டு வந்துருக்கு' என்று அவர் இழுத்தால் மூன்றாவது தெருவில் அடுப்பை அணைத்துவிட்டு வருவார்கள். மனைவியும் கூடவே வருவாள். அவர் பேசுவார், அவள் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். எப்போதும் தமிழில்தான் முதலில் பேசுவார். அதை முடித்து, மூடி, பென்டிரைவில் ஏற்றியபின் தெலுங்கில் ஒரு முறை பேசுவார். வாரத்தில் இரண்டு நாள் அவர் எல்லை தாண்டி ஆந்திரா பக்கத்து ஊர்களுக்குப் போவார், அதற்காக. அவர்கள் வீட்டில் இரண்டு பாஷையும் கலந்தே புழங்கும். அவள் அவரைத் தெலுங்கு முறைப்படி 'பாவா', அதாவது அத்தான், என்றுதான் கூப்பிடுவாள்.

போன வருஷம் ஆடிக்குப் பிறகு அவர் குரலில் ஒரு கரகரப்பு வந்தது. பேசுகிற நடுவில் இருமுவார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும், அது ஊருக்கே தெரியும். வெளியே இரண்டு பேர் காத்திருக்க, இவர் 'வெங்காயம்' என்பதற்குள் மூன்று தடவை இருமினால் எனக்கு எப்படி இருக்கும்?

"இன்னாப்பா இது, ஒரு வார்த்தைக்கு ஒரு இருமலா? பால்ல மிளகு போட்டுக் குடிச்சிட்டு நாளைக்கு வாயேன்."

"தூசிக்கா. பூண்டு மூட்டை இறக்கனேன் இல்ல, அந்தத் தூசி. நீ வெட்டிடுக்கா."

வெட்டினேன். இருமலை வெட்டுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. திரையில் குரல் மேடும் பள்ளமுமாகத் தெரியும், இருமல் இருக்கும் இடம் குத்திட்டு நிற்கும். மவுஸால் அதை மட்டும் பிடித்து ஒரு தட்டு தட்டினால் போய்விடும். மாதத்துக்கு மாதம் வெட்ட வேண்டியது அதிகமானது. அவரும் பொங்கல் வரை வந்தார். தெருவில் ஆட்டோ போகும்போது கேட்டால் குரல் பளிச்சென்று இருக்கும், எனக்கே பெருமையாக இருக்கும்.

பொங்கலுக்குப் பிறகு அவர் வரவில்லை. வேறு கடை பார்த்துவிட்டார், நான் கத்தியதில் கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். போனால் போகட்டும் என்று நானும் முறுக்கிக்கொண்டேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம். கடைத்தெருவிலிருந்து எல்லோரும் விளம்பரம் பேச வரும் நேரம். காலையில் ஒரு பாத்திரக்கடைக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போதே ரெக்கார்டிங் நின்றுவிட்டது. கம்ப்யூட்டரில் இடமில்லையாம், சி டிரைவ் சிவப்பாகக் காட்டியது. அவரை மதியம் வரச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவருக்குப் போன் போட்டேன்.

"டெம்ப் ஃபோல்டரத் திறந்து பாருங்க மேடம். எவ்ளோ கீது?"

திறந்தேன். ஆயிரக்கணக்கில் இருந்தன. பெயர் என்று ஒன்றுமில்லை, எழுத்தும் எண்ணுமாகக் கலந்து கிடந்தது. யார் வைத்த பெயரோ, ஒன்றாவது படிக்கிற மாதிரி இருக்க வேண்டுமே.

"இதெல்லாம் இன்னாப்பா?"

"நீங்க பேசவிட்டு ரெக்கார்ட் பண்றீங்க இல்ல, அந்த சாப்ட்வேர் கொரலத் துண்டு துண்டா இதுல போட்டு வச்சிகினே போவும். ரெக்கார்டிங்க ஒழுங்கா மூடினா அதுவே பெருக்கித் தள்ளிடும். நீங்கதான் கம்ப்யூட்டரைப் போய் போர்டுல அணைக்கிறீங்களே. எத்தினி வாட்டி சொல்லிட்டேன். பெருக்கறதுக்குள்ள கரண்ட் போனா துண்டு அங்கியே நின்னுடும். அதான் அடைச்சிகினு கீது."

"எடுத்துட்டா ஒண்ணும் ஆகாதே?"

"டெம்ப்ல இருக்கறது குப்பை மேடம். தைரியமா தூக்குங்க. தேவைன்னா சேவ் பண்ணியிருப்பீங்க இல்ல?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் ஆயிரம் ஆயிரமாக ஒரு பொருளை, என்னவென்று தெரியாமல் தூக்கி எறிவதற்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. ஒன்றை மட்டும் திறந்து பார்த்தேன். மின்விசிறிச் சத்தம் நாலு நொடி ஓடியது, அவ்வளவுதான். சரி, குப்பையேதான் என்று முடிவு செய்து எல்லாவற்றையும் பிடித்தேன். குப்பைத் தொட்டிக்குப் போனால் அதுவும் இடத்தை அடைக்குமே என்று அடியோடு அழிக்கும்படி தட்டினேன். நிரந்தரமாக நீக்கட்டுமா என்று கேட்டது. ஆமாம் என்றேன். பச்சைக் கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. காபி கொண்டுவரலாமென்று எழுந்தேன்.

வாசலில் வெங்காயக்காரரின் மனைவி நின்றிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். அதைக்கூட நான் கவனிக்கவில்லை, கோபம்தான் முதலில் வந்தது.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா? பொங்கலுக்கு அப்பால எந்தக் கடைக்குப் போனீங்களோ, அங்கியே போறது."

அவள் செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, வயர் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, அவரு கொரலு உங்க கம்ப்யூட்டர்ல கீதா?"

"எதுக்கு?"

"அவருக்கு இப்ப பேச்சு இல்லக்கா. தொண்டையில கட்டின்னு மெட்ராஸ்ல பாத்தாங்க. உயிர் வேணும்னா குரல்பெட்டிய எடுக்கணும்னு சொன்னாங்க. எடுத்துட்டாங்க. நல்லா கீறாரு, சாப்டுறாரு, வண்டி ஓட்டறாரு. பேச்சு மட்டும் இல்ல."

ஏதோ கேட்க வாயெடுத்தேன், அவளே சொல்லிக்கொண்டு போனாள். மாதக்கணக்கில் ரயிலில் போவதும் வருவதுமாக இருந்த நாளில் ஆட்டோவை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்த ஆள் பென்டிரைவில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டுப் பாட்டு ஏற்றிக்கொண்டிருக்கிறான். இப்போது ஆட்டோ திரும்பி வந்துவிட்டது, குரல் வரவில்லை. இவளே கையில் மைக்கைப் பிடித்துக் கூவிப் பார்த்திருக்கிறாள். யாரும் வெளியே வரவில்லை.

"வேற வண்டின்னு நெனச்சிகினோம்னு சொல்றாங்கக்கா. அஞ்சு நாளா மூட்டை அப்படியே கீது. வெங்காயம் எத்தினி நாளு தாங்கும்?"

"அதுக்கென்னம்மா," என்றேன். "என்கிட்ட அஞ்சாறு ஆம்பிளைக் குரல் இருக்கு, நல்லாப் பேசுவாங்க. காசு வேணாம், நான் பேச வச்சிக் குடுக்கறேன்."

"வேணாங்க. ஆட்டோவ அவரு ஓட்டிகினு, இன்னொருத்தன் கொரலு மேல இருந்து கத்தினா, அவரு தாங்க மாட்டாரு." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "முழுசா இல்லன்னாலும் போவுது. நீங்க வெட்டுவீங்க இல்ல, வெட்டிப் போட்ட துண்டு எதுனா கீதா?"

துண்டு என்றாள். அந்தச் சொல்லைத்தான் சர்வீஸ்காரரும் போனில் சொன்னார். திரும்பிப் பார்த்தேன். பச்சைக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது. பாய்ந்துபோய் நிறுத்தினேன்.

நின்றுவிட்டது. இருந்ததில் பாதிக்குமேல் போயிருந்தது.

அவளிடம் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் அந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன்? நீ வாசலில் நின்றபோது உன் வீட்டுக்காரர் குரலைத்தான் அழித்துக்கொண்டிருந்தேனோ என்னவோ என்று சொன்னேன். அவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"பாதி கீது இல்லக்கா," என்றாள்.

சர்வீஸ்காரரை வரவழைத்தேன். அழிந்ததை மீட்கும் ஏதோ ஒன்றைப் போட்டுச் சாயங்காலம் வரை ஓட்டினார். சில துண்டுகள் திரும்பி வந்தன, உள்ளே இரைச்சல் மட்டும்தான் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. குப்பை என்று சொன்னதற்கு மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். "நீ இன்னாப்பா பண்ணுவ, அழிச்சது என் கை," என்று சொல்லி அனுப்பினேன். போகும்போது, தமிழ்க் கூவல் மீந்திருக்கும் என்று ரொம்ப நம்பிக்கை வைக்காதீர்கள் என்றார். அவர் கணக்கு சரிதான். தமிழ் ரெக்கார்டிங்கை நான் முறையாக மூடிவிட்டுத்தான் தெலுங்கை ஆரம்பிப்பேன், ஆகவே தமிழ்த் துண்டுகளைக் கம்ப்யூட்டரே பெருக்கியிருக்கும். தெலுங்கு கடைசியாகப் பேசுவது. அன்றைக்குக் கடைசி ஆள் அவராக இருந்தால், அது முடிந்து ஏற்றிக் கொடுத்ததும், மூடாமல் கொள்ளாமல் போர்டைத் தட்டிவிடுவேன். மீந்திருந்தால் தெலுங்குதான் மீந்திருக்கும்.

மறுநாளிலிருந்து கேட்க உட்கார்ந்தோம். காலையில் கடை திறந்ததும் இரண்டு மணி நேரம், மதியம் ஆளில்லாத வேளையில் மறுபடி. ஒவ்வொரு துண்டும் சில நொடிதான். பெயரைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, திறந்து கேட்டால்தான் உண்டு. எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் தெரியுமா? லுங்கிக் கடைக்காரர் 'தள்ளுபடி' என்ற வார்த்தையில் ஏழு தடவை தடுக்கி விழுந்தார். கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்த ஒரு தகப்பனாரின் அறிவிப்பு இருந்தது, அந்தக் குழந்தை கிடைத்துவிட்டது, எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்கும்போது பதறியது. ஒரு துண்டில் நான் யாரையோ விளாசிக்கொண்டிருந்தேன். நம் கத்தல் நமக்கே கேட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாத்திரக்கடைக்காரர் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார். கிருத்திகை வியாபாரம் கைநழுவிப் போகிறதே என்று ஒரு பக்கம் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலை அவள் மேல் காட்டாமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டாம் நாள் மதியம் ஒரு துண்டில் இருமல் மட்டும் வந்தது. அடுத்ததற்குப் போகப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"இது அவரு இருமல்."

"இருமலை வச்சி எப்படிம்மா சொல்ற?"

"மாசக்கணக்கா பக்கத்துல படுத்துகினு கேட்டேன். எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னது சரி. அதற்கடுத்த துண்டில் 'ரண்டம்மா ரண்டி', வாங்கம்மா வாங்க என்று தெலுங்கில் அவர் கூப்பிட்டார். பிறகு வரிசையாக வந்தன. வெங்காயம் வந்திருக்கு என்று 'உல்லிபாயலு வச்சாயி', இருமல், மறுபடி 'உல்லிபாயலு', நடுவில் உடைந்த குரல், செருமல், இருமல். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். நான் கேட்டது வேறு. ஆறு மாதம் அந்தத் தொண்டை கிழிவதைத் துண்டு துண்டாக நான் கேட்டிருக்கிறேன், கேட்டுக் கேட்டு வெட்டியிருக்கிறேன். தெருவில் நல்ல குரல் போய்க்கொண்டிருந்ததால் யாரும் 'என்னப்பா, தொண்டைக்கு என்ன' என்று அவரைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான். மிளகு போட்டுக் குடி என்று துரத்திவிட்டேன். இதை அவளிடம் சொல்லி அழுதேன். அவள் எனக்கு அவருடைய தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

அவர் அந்த நாட்களில் கடைக்குள் வரவில்லை. ஆட்டோவை எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, கழுத்தில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். கூச்சம் என்று அவள் சொன்னாள். நானும் கூப்பிடவில்லை, கூப்பிட எனக்கு முகமில்லை. மூன்றாம் நாள், கிடைத்த துண்டுகளில் நல்லதாக நாலைந்தைச் சேர்த்து, வெளியே தொங்கும் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். 'ரண்டம்மா ரண்டி' என்று தெரு முழுக்க அதிர்ந்தது. அவர் ஆட்டோவிலிருந்து இறங்கினார். சாலையைக் கடந்து நேராக உள்ளே வந்து, என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். கை கழுத்துத் துணியின் மேல் இருந்தது.

அவருக்காக முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். இருமல் வந்த இடத்தில் என்னால் தாங்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் தோளைத் தட்டினார். நிமிர்ந்தால், இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி வைத்து வெட்டு வெட்டு என்று காட்டிச் சிரிக்கிறார். சத்தமில்லாத சிரிப்பு. அந்த மனுஷனுக்குக் கோபித்துக்கொள்ளவே தெரியவில்லை, என் மேல் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் முன்னாலேயே உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். விலை சொல்லும் இடமெல்லாம் பழசு, அதை எடுத்துவிட்டேன். விலையைச் சிலேட்டில் எழுதி ஆட்டோவின் முன்னால் மாட்டிக்கொள்வதாக அவள் சொன்னாள். உடைந்த குரலை ஒதுக்கி, நல்ல 'ரண்டி'யை ஒரு நாளிலிருந்தும் நல்ல 'வெல்லுல்லி'யை இன்னொரு நாளிலிருந்தும் எடுத்து ஒட்டினேன். பூண்டுக்குத் தெலுங்கில் அதுதான் பேர். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக, தெலுங்கில் ஒரு முழுக் கூவல் தேறியது. தமிழில் ஒரு 'வெங்காயம்' கூட இல்லை.

தமிழே இல்லையென்று சொல்ல முடியாது. தெலுங்குக்கு நடுவில், மைக் ஓடுவதை மறந்து, அவர் மனைவியிடம் பேசியது இருந்தது. நான் குப்பையென்று வெட்டியது. 'இன்னாமே, தண்ணி குடுமே.' 'பாத்துகினே கீறியே, சரியா வந்துச்சா?' ஒரு துண்டில் அவள் என்னிடம் ஏதோ கதை பேசிக்கொண்டிருக்க, அவர் கிளம்பும் அவசரத்தில் கூப்பிட்டது. 'வாமே, நேரமாவுது.' அவர் உடம்பு சரியாக இருந்தபோது பேசிய குரல், கரகரப்பே இல்லை, எப்படியோ போன ஆடிக்கு முன்னாலிருந்தே தங்கியிருந்தது.

எனக்கு உடனே மூளை வேலை செய்தது. தொழில் புத்தி. "இங்க பாரு," என்றேன், "திருத்தணித் தெருவுல தெலுங்குல மட்டும் கூவினா ஒரு மாதிரி இருக்கும். இந்த 'வாமே'ய முன்னால ஒட்டிடறேன். 'வாமே, நேரமாவுது'ன்னு ஆரம்பிச்சா பொம்பளைங்க சிரிச்சிகினே வெளிய வருவாங்க. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

"வேணாங்க."

"ஏன்மா? தமிழ்ல அது ஒண்ணுதான் நல்லா கீது."

"அது என்னைக் கூப்புட்டது," என்றாள். "ஊருக்கெல்லாம் போடாதீங்கக்கா."

மவுஸிலிருந்து கையை எடுத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், காது சிவந்திருந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து என்னிடம் நீட்டி, கம்ப்யூட்டர் திரையில் அந்த 'வாமே' துண்டைக் காட்டினார். ஏற்றிக் கொடுத்தேன். எப்போதாவது கேட்டுப் பார்ப்பதற்காக இருக்கும் என்று நினைத்தேன்.

கிருத்திகைக்கு முந்தின நாளிலிருந்து ஆட்டோ ஓடியது. கேட்டுவிட்டு முதலில் ஒரு தெருவில் யாரோ, ஆந்திராவிலிருந்து புது வண்டி வந்திருக்கிறது என்றார்களாம். ஒரு பெண் ஜன்னலிலிருந்தே, "அட, நம்ம வெங்காயக்காரரு கொரலு இல்ல?" என்று கூடையோடு வந்திருக்கிறாள். பிறகு வழக்கமாக வருகிற எல்லோரும் வந்தார்கள். அவர்கள் கேட்டது பாஷையை இல்லையே. இதையெல்லாம் சொல்லத்தான் கிருத்திகை முடிந்த வாரம் அவள் கடைக்கு வந்தாள். எனக்கு ஒரு பை நிறையப் பூண்டு கொண்டுவந்திருந்தாள். அவர் வெளியே ஆட்டோவில் இருந்தார்.

புது ரெக்கார்டிங் சேர்ந்ததில் என் கம்ப்யூட்டர் மறுபடி சிவப்புக்கு வந்துவிட்டது. மீதித் துண்டுகளை வேறொரு டிரைவுக்கு மாற்றப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும், அதுவரை அழிப்பதாக இல்லை என்று அவளிடம் சொன்னேன். சர்வீஸ்காரரும் இப்போது தூக்கிவிடுங்கள் என்று சொல்வதில்லை. இனி போர்டில் அணைப்பாயா என்று கேட்டால் என்ன சொல்வதென்று எனக்கே தெரியவில்லை. அந்தக் கெட்ட பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் ஒரு துண்டும் மிஞ்சியிருக்காதே. அவள் சிரித்தாள். பேச்சு எங்கெங்கோ போயிற்று, அவள் அக்கா மகள் கல்யாணம், ஆந்திரா பக்கம் மழை இல்லாதது, எனக்கு மூட்டுவலி. அரைமணி ஆகியிருக்கும்.

"வாமே, நேரமாவுது."

தெருவிலிருந்துதான் வந்தது. ஸ்பீக்கரில் இல்லை, போனில், சின்னதாக. நல்ல குரல். கரகரப்பே இல்லை.

"தோ வரேன் பாவா," என்று சொல்லிக்கொண்டே அவள் எழுந்துவிட்டாள். பையை எடுத்து, செருப்பில் ஒரு காலை நுழைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அப்படியே வாசற்படியில் நின்றாள். அவர் ஆட்டோவிலிருந்து போனைத் தூக்கிக் காட்டினார். பிறகு மறுபடியும் அழுத்தினார்.

"தோ வரேன், தோ வரேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் ஓடினாள்.